டேவிட் டேவிஸ் 1500 மீட்டரிலிருந்து 10 கிலோமீட்டருக்குப் போன வழி: நம்ம கடலுக்கு எது பொருந்தும்?

நாஞ்சில்_நீச்சல்:

எல்லாருக்கும் வணக்கம். 17 வயசுப் பையன் ஒருத்தன், 25 மீட்டர் பூலில் 1500 ஃப்ரீஸ்டைலை 17:40-ல் முடிக்கிறான். வரும் பிப்ரவரியில் கடலில் 10 கிலோமீட்டர் நீந்த வேண்டும் என்று நிற்கிறான். வேல்ஸ் நாட்டு டேவிட் டேவிஸை அவனுக்கு முன்மாதிரியாகக் காட்டலாமா? ஏதென்ஸ் 2004-ல் பூலில் 1500-க்கு வெண்கலம், பெய்ஜிங் 2008-ல் 10 கிலோமீட்டரில் வெள்ளி. இரண்டிலும் ஒலிம்பிக் பதக்கம் என்பதால்தான் அவர் பெயரைச் சொல்கிறேன்.

தெரிய வேண்டியது இதுதான். அவருடைய 1500 வேகம் 10 கிலோமீட்டரில் எவ்வளவு குறைந்தது? பெய்ஜிங்கில் 1.5 வினாடியில் தங்கம் ஏன் போனது? 25 மீட்டர் பூலை வைத்துக்கொண்டு, குமரி மாவட்டத்தில் குளச்சல் முட்டம் பக்கம் கடலில் ஒரு பையனை எப்படித் தயார் செய்வது?

கோச்_தக்கலை:

தாராளமாகக் காட்டலாம். நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது கஷ்டம். காரணம் சொல்கிறேன்.

டேவிஸ் 1985 மார்ச் 3-ல் பிறந்தவர். கார்டிஃபில் டேவ் ஹாலர் என்ற கோச்சிடம் வளர்ந்தவர். 1958 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டிய எம்பயர் பூல் அந்த ஊரில் இருந்தது. மில்லேனியம் ஸ்டேடியத்துக்கு இடம் வேண்டும் என்று 1998-ல் அதை மூடி இடித்துவிட்டார்கள். அடுத்த 50 மீட்டர் பூல் கார்டிஃபில் திறந்தது 2008 ஜனவரியில்தான். அதாவது பையனுக்கு 13 வயசிலிருந்து 22 வயசு வரை, ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய வருஷத்தையும் சேர்த்து, அந்த நகரத்தில் முழு நீளப் பூல் கிடையாது. ஸ்வான்சியில் 2003-ல் ஒன்று வந்தது. கார்டிஃபிலிருந்து அங்கே போகும் தூரம் நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் தூரம் அளவு. ஆக 25 மீட்டர் பூல் என்பதை ஒரு தடையாக உங்கள் பையன் சொல்லவே வேண்டாம்.

ஏதென்ஸ் இறுதியில் கிராண்ட் ஹாக்கெட் 14:43.40, லார்சன் ஜென்சன் 14:45.29, டேவிஸ் 14:45.95. அப்போது அது ஐரோப்பிய சாதனை, அவருக்கு வயசு 19. ஹாக்கெட் அன்றைக்கு நுரையீரல் ஒரு பகுதி சுருங்கிய நிலையில் நீந்தியவர் என்பதையும் பையனுக்குச் சொல்லுங்கள், அந்தப் போட்டியின் தரம் புரியும். அதன்பின் 2005 மாண்ட்ரியல், 2007 மெல்போர்ன் இரண்டு உலகப் போட்டியிலும் 1500-ல் வெண்கலம். 2006 காமன்வெல்த்தில் தங்கம். பெய்ஜிங்கில் 1500 இறுதியில் ஆறாவது. நாலு நாள் கழித்து, ஆகஸ்ட் 21-ல், 10 கிலோமீட்டரில் வெள்ளி. 2012 லண்டனில் மறுபடி பூல் 1500-க்குத் திரும்பினார், ஹீட்ஸ் என்ற முதல் சுற்றைத் தாண்டவில்லை. அந்த வருஷமே ஓய்வு.

இனி வேகக் கணக்கு. 14:45.95-ஐ 15-ஆல் வகுத்தால் 100 மீட்டருக்கு 59.06 வினாடி. பெய்ஜிங் 10 கிலோமீட்டர் 1:51:53.1, அது 100-க்கு 1:07.1. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 1.136. உங்கள் பையனுக்கு இதைப் போடுமுன் ஒரு திருத்தம் உண்டு. 17:40 என்பது 25 மீட்டர் நேரம். 25-ல் 59 முறை திரும்புகிறான், 50-ல் 29 முறை. ஒவ்வொரு தள்ளலும் இனாமாகக் கிடைக்கிற வேகம். பாரிஸ் 2024-ல் பாபி ஃபிங்க் 50 மீட்டர் பூலில் 14:30.67, ஃப்ளோரியன் வெல்ப்ராக் 2021-ல் அபுதாபியில் 25 மீட்டர் பூலில் 14:06.88. உச்சத்திலேயே 24 வினாடி இடைவெளி. பையனுக்கு அரை நிமிஷம் கூட்டுங்கள். 18:10 என்று வையுங்கள், 100-க்கு 1:12.7. அதை 1.136-ஆல் பெருக்கினால் 1:22.6, 10 கிலோமீட்டருக்கு 2 மணி 17 நிமிஷம் 40 வினாடி.

இது உச்சவரம்பு. டேவிஸ் அளவுக்குத் தாங்குதிறன் உள்ளவனுக்குத்தான் அந்தப் பெருக்கம் பொருந்தும். வாரத்துக்கு 20 கிலோமீட்டர் மட்டும் நீந்துகிற பையனுக்கு ஆறு கிலோமீட்டருக்குப் பிறகு 1:30-க்கு இறங்கிவிடும்.

25 மீட்டர் பூல் கடலுக்கு எதிராக வேலை செய்வது ஒரே இடத்தில்தான்: 25 மீட்டருக்கு ஒரு தரம் தோளுக்கு ஒரு வினாடி ஓய்வு. கடலில் சுவர் இல்லை. அதற்கு மருந்து, சுவரைத் தொடாமல் திரும்புவது. பூலின் அடியில் கறுப்புக் கோடு முடியும் டி-குறி வந்ததும் உடம்பைச் சுருட்டித் திரும்பி, தள்ளாமல், நின்ற இடத்திலிருந்தே கை போட்டு வேகம் எடுக்க வேண்டும். வாரம் ஒரு நாள் 8 தடவை 400, இடையில் 30 வினாடி. முதல் வாரத்தில் 100-க்கு ஆறேழு வினாடி மெதுவாகும், பயப்பட வேண்டாம். தோளின் முன்பக்கம் குத்தினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். தூரத்தை வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்றாதீர்கள்.

50 மீட்டர் தேவைப்பட்டால் திருவனந்தபுரத்துக்கு வடக்கே பிரப்பன்கோடு. 2015 தேசிய விளையாட்டு நீச்சல் நடந்த இடம். மாசத்துக்கு ஒரு முறை போய் 1500 நேரம் எடுத்தால் போதும்.

பார்முனை:

கோச் சொன்னதில் பெய்ஜிங் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியது. கற்றுக்கொள்ள அதிகம் இருப்பது அங்கேதான்.

இடம் ஷுன்யி படகுப்போட்டி ஏரி. அலை கிடையாது, நீரோட்டம் கிடையாது. 25 பேர். டேவிஸ் போட்டியின் பெரும்பகுதியை முன்னால் நின்றே இழுத்தார். நெதர்லாந்தின் மார்ட்டன் வான் டெர் வெய்டன் பின்னால் காத்திருந்து கடைசியில் வெளியே வந்தார். 1:51:51.6 அவர், 1:51:53.1 டேவிஸ், 1:51:53.6 ஜெர்மனியின் தாமஸ் லுர்ஸ். வான் டெர் வெய்டன் ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டு வந்தவர். இறுதி நீளத்தில் டேவிஸ் நேர்கோட்டை விட்டு விலகினார். முடித்த பிறகு ஸ்ட்ரெச்சரில்தான் கொண்டுபோனார்கள்.

விலகலின் விலையைப் போட்டுப் பாருங்கள். 200 மீட்டர் மிச்சம் இருக்கும்போது 10 டிகிரி கோணத்தில் ஒருவன் விலகி, நூறாவது மீட்டரில் உணர்ந்து, அதே கோணத்தில் திரும்பி வருகிறான் என்று வையுங்கள். பக்கவாட்டில் 17 மீட்டர் போயிருப்பான், ஆனால் கூடுதலாக நீந்திய தூரம் 3 மீட்டர்தான். 100-க்கு 1:05 வேகத்தில் அந்த 3 மீட்டர் 2 வினாடி. பெய்ஜிங்கில் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே இருந்தது 1.5. டேவிஸ் விலகிய கோணம் இதுதான் என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு சின்ன விலகல் போதும் என்பதற்குத்தான் இந்தக் கணக்கு.

ஆகவே பையனுக்கு முதல் பாடம் பார்வை. முழுத் தலையைத் தூக்கினால் இடுப்பு தாழும், கால் இழுக்கும், இரண்டு ஸ்ட்ரோக் வேகம் போய்விடும். கண்ணாடி மட்டும் தண்ணீருக்கு மேலே வந்தால் போதும், வாய் உள்ளேயே இருக்கட்டும். கை தண்ணீரில் நுழைந்து அழுத்தத் தொடங்கும் நேரம் கண் முன்னே, உடனே தலை பக்கவாட்டில் சாய்ந்து மூச்சு. பார்ப்பது வேறு, மூச்சு வாங்குவது வேறு. இரண்டையும் முன்னால் பார்த்தே செய்கிற பிள்ளைகள்தான் உப்புத் தண்ணீர் குடிக்கிறார்கள். அமைதியான நீரில் 8 முதல் 10 ஸ்ட்ரோக்குக்கு ஒரு முறை. அலை இருந்தால் எண்ணிக்கையை விடுங்கள், அலை உச்சியில் உடம்பு ஏறும்போது மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளத்தில் பார்த்தால் அடுத்த அலையின் முதுகுதான் தெரியும்.

பூலில் சோதனை: காலி லேனில் கண்ணை மூடி 15 ஸ்ட்ரோக். எந்தக் கயிற்றில் இடிக்கிறான் என்று பாருங்கள். வலக்கயிற்றில் என்றால் பெரும்பாலும் இடக்கை அகலமாக இழுக்கிறது, அல்லது மூச்சு வாங்கும்போது ஒரு கை உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டுகிறது. களைப்பில் இது இரண்டு மடங்காகும். அதனால் சோதனையைப் பயிற்சியின் கடைசியில், 3000 மீட்டர் முடிந்த பிறகு வையுங்கள். புதிதாய்த் தண்ணீரில் இறங்கினவனுக்கு எல்லாம் நேராகத்தான் போகும்.

அடுத்தது ஒட்டி நீந்துவது. முன்னால் போகிறவனின் கால்விரலுக்கும் உங்கள் கைக்கும் அரை மீட்டருக்குள் இருந்தால்தான் பலன். இரண்டு மீட்டர் தள்ளிப்போனால் குமிழி மட்டும் மிச்சம். இன்னொரு இடம் இடுப்புப் பக்கம், உங்கள் தலை அவன் இடுப்புக்கு நேராக. அங்கிருந்து முந்துவது எளிது. பூலில் மூன்று பேரை ஒரே லேனில் விட்டு 200-க்கு ஒரு முறை முன் ஆளை மாற்றுங்கள். காலைத் தட்டிக்கொண்டே நீந்தும் பழக்கம் வர விடாதீர்கள், போட்டியில் முகத்தில் உதை கிடைக்கும்.

குளச்சல்_மேற்கு:

பெய்ஜிங் ஏரி. நம்மது அரபிக்கடல். அந்த வித்தியாசத்தைத்தான் நான் சொல்ல வேண்டும்.

மாசம் முதலில். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குக் கரையில் கடல் அடி. பயிற்சிக்குக் கூட இறங்கக் கூடாது. அக்டோபர் நவம்பரில் புயல் சின்னம். ஒக்கி வந்தது 2017 நவம்பர் 30. பிப்ரவரி நல்ல தேர்வு. ஏப்ரல் மே வெளியே அமைதியாகத் தெரியும், அங்கேதான் கள்ளக்கடல். காற்றே இல்லாமல், தெற்கே எங்கேயோ பிறந்த நீள அலை திடீரென்று கரையில் ஏறும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் இறந்தது அப்படி ஒரு எச்சரிக்கை நாளில்தான். ஹைதராபாத் இன்காய்ஸ் மையத்தின் அலை அறிவிப்பை முந்தின நாள் ராத்திரியும், அன்றைக்குக் காலையிலும் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் போட்டி கிடையாது, பேச்சே இல்லை.

நம்ம பக்கம் ஏற்றவற்றம், அதாவது கடல் மட்டம் ஏறி இறங்குவது, ஒரு மீட்டருக்குள்தான். அதனால் அதைவிட நீவாடு என்கிற நீரோட்டம்தான் முக்கியம். அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை இறங்குமுன் வலைக்குப் போய் வந்தவர்களிடம் கேளுங்கள். ஒரு கிலோமீட்டர் போய் ஒரு கிலோமீட்டர் திரும்பி வந்தால் இரண்டு நேரத்துக்கும் உள்ள வித்தியாசமே கணக்கு சொல்லிவிடும். முதலில் எதிர்த்து நீந்தி, திரும்பும்போது கூடப் போகிற மாதிரி வையுங்கள்.

குளச்சலிலிருந்து முட்டம் வரை நேராக நீந்தினால் வலப்பக்கம் திறந்த கடல், இடப்பக்கம் கரை. தென்மேற்கு அலை வலது தோளில் அடிக்கும். வலப்பக்கம் மட்டும் மூச்சு வாங்கப் பழகிய பையன் என்றால் ஒவ்வொரு மூச்சுக்கும் அலை வாயில் விழும். இரண்டு பக்கமும் மூச்சு பழக்குங்கள், அந்தத் திசையில் இடப்பக்கம் வாங்கட்டும். பார்வைக்கு முட்டம் கலங்கரை விளக்கம் நல்ல குறி. மிதவையைத் தேடிக் கண் அலைய வேண்டாம். ஆனால் கடியப்பட்டணம், முட்டம் இரண்டு இடத்திலும் கரையோரம் பார், அதாவது நீருக்கடிப் பாறை, உண்டு. அலை உடைகிற இடத்திலிருந்து நன்றாக வெளியே போக வேண்டும். கடலுக்குள் கல் போட்டுக் கட்டிய தூண்டில் வளைவுகளின் நுனியிலும் அப்படியே: கல்லை ஒட்டித் தண்ணீர் சுழன்று வெளியே இழுக்கும். குறைந்தது நூறு மீட்டர் விலகுங்கள்.

என் யோசனை, முதல் தடவைக்கு நேர்கோட்டுப் பயணமே வேண்டாம். பெரிய போட்டிகளில் 10 கிலோமீட்டரைச் சுற்றுகளாகத்தான் வைப்பார்கள். இரண்டரை கிலோமீட்டர் சுற்று, நாலு தடவை. எந்த நேரத்தில் நிறுத்தினாலும் கரை தெரியும். காலை ஆறு மணிக்கு இறங்கினால் எட்டரைக்குள் முடியும். அதன்பின் கடற்காற்று ஏறிவிடும். காவல்துறைக்கும் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கும் முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள்.

துணைக்கு மோட்டார் படகைவிடத் துடுப்பு போடுகிற வள்ளம் நல்லது. புகை கிடையாது, விசிறி கிடையாது. பையன் மூச்சு வாங்குகிற பக்கம், மூன்று நாலு மீட்டர் தள்ளி, அவன் தோளுக்கு நேராக. படகு முன்னால் போனால் பையன் அதைத் துரத்துவான். பின்னால் போனால் தலையைத் திருப்புவான்.

சொறி (ஜெல்லிமீன்) பட்டால் நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள், மணல் போட்டுத் தேய்க்காதீர்கள். கடல் தண்ணீரில் கழுவி, இழையை எடுத்துவிட்டு, தாங்குகிற சூட்டில், 45 டிகிரி அளவு வெந்நீரில் 20 நிமிஷம். மூச்சு முட்டினால் உடனே ஆஸ்பத்திரி. கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வாசலின் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் அரைமணி நேரம்கூட நிற்காது. தடவுகிற ஆள் வேறொருவராக இருக்கட்டும், பையன் கையில் பட்டால் கண்ணாடி மங்கும்.

நாஞ்சில்_நீச்சல்:

மிகவும் நன்றி அண்ணே. சாப்பாடு விஷயம் யாராவது சொல்லுங்கள். இளநீர் மட்டும் கொடுத்தால் போதாதா? இன்னொன்று, டேவிஸ் முன்னால் நின்று இழுத்தது தப்பு என்றுதானே எடுத்துக்கொள்ள வேண்டும்?

வட்டக்கோட்டை:

இரண்டாவது கேள்விக்கு என் பதில், இல்லை. 1500 நீச்சல்காரன் கையில் இருப்பது நிலையான வேகம். இருபது முப்பது பேர் கூட்டத்தில் முழங்கையும் உதையும் வாங்கிப் பழகினவர்கள் லுர்ஸ் போன்றவர்கள். டேவிஸ் பூலிலிருந்து வந்தவர். முன்னால் போனால் இடி இல்லை, திருப்பத்தில் மிதவையை ஒட்டிச் சுத்தமாகப் போகலாம், கூட்டத்தின் வேகத்தைத் தானே தீர்மானிக்கலாம். கடைசி முந்நூறு மீட்டர் ஓட்டத்தில் தோற்கிற ஆளுக்கு அது நியாயமான வழி. அதற்கு நாலு நாள் முன்தான் 1500 இறுதி நீந்திய உடம்பு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். முன்னால் போவதற்குக் கொடுக்க வேண்டிய விலை என்று ஒன்று இருக்கிறது, அதைக் கடைசி நீளத்தில் கொடுத்தார். உங்கள் பையனுக்கு நான் சொல்வது: ஏழரை கிலோமீட்டர் வரை இரண்டாவது அல்லது மூன்றாவது, அதன்பின் விருப்பம்.

இளநீர் போதாது. பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு, சர்க்கரையும் 100 மில்லிக்கு நாலு கிராமுக்குக் கீழே. மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் 60 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு, அரை எலுமிச்சை. கருப்பட்டி ஒத்துக்கொள்கிற வயிறு என்றால் அதே 60 கிராமைக் கரைத்து துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள், அடியில் மணல் இருக்கும். அக்கானி (பதநீர்) வேண்டாம், சர்க்கரை அதிகம், வெயிலில் வைத்தால் சீக்கிரம் புளிக்கும், நடுக்கடலில் வயிறு பொங்கும்.

20 நிமிஷத்துக்கு ஒரு முறை 200 மில்லி. பிப்ரவரியில் நம்ம கடல் 28 டிகிரியை ஒட்டி இருக்கும். சர்வதேச விதியில் 31-க்கு மேல் போட்டியே கூடாது. தண்ணீரில் இருக்கிறவனுக்கு வேர்ப்பது தெரியாது, அதனால் தாகம் வரும்வரை காத்திருக்கக் கூடாது. கொடுக்கும் கம்பு நீட்டிய நிலையில் ஐந்து மீட்டருக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பது போட்டி விதி. நுனியில் ஒரு வளையம், அதில் அகல வாய் டம்ளர், முக்கால் அளவு மட்டும். பையன் வந்து டம்ளரை எடுக்க வேண்டும், படகைத் தொடக் கூடாது. மல்லாந்து இரண்டு கால் உதைக்குள் குடித்துத் தூக்கிப் போட வேண்டும். ஆறேழு வினாடிக்கு மேல் எடுத்தால் பூலில் பழக்குங்கள், லேன் முனையில் ஒருவர் கம்பை நீட்டினால் போதும். புதுச் சரக்கு எதையும் அன்றைக்கு முதல் தடவையாகக் கொடுக்க வேண்டாம்.

குளறுபடி பேச்சு, ஸ்ட்ரோக் எண்ணிக்கை திடீரெனக் குறைவது, நேராகப் போகாமல் இழுபடுவது, இந்த மூன்றில் ஒன்று தெரிந்தால் படகில் ஏற்றுங்கள். நிமிஷத்துக்கு 68 ஸ்ட்ரோக் போட்டவன் 58-க்கு வந்தால் அது சர்க்கரை தீர்ந்ததன் முதல் அடையாளம். படகில் இருக்கிறவர் பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை எண்ணி எழுத வேண்டும்.

கோச்_தக்கலை:

வட்டக்கோட்டை சொன்னதை முழுசாக ஏற்கிறேன். முக்கியமான ஒரு செட் மட்டும் சேர்க்கிறேன்: வாரம் ஒரு முறை 20 தடவை 100. முதல் 15 தடவை 1:22-ல், 10 வினாடி ஓய்வு. கடைசி 5 தடவை 1:12-ல், அதே 10 வினாடி ஓய்வு. அந்தக் கடைசி ஐந்திலும் ஒவ்வொரு 25-க்கும் ஒரு முறை கண்ணைத் தூக்கிப் பார்க்க வேண்டும். களைத்த கையோடு நேராகப் போகப் பழகுவதற்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

பெண் பிள்ளைகள் யாராவது உங்களிடம் இருந்தால் ஜாஸ் கார்லின் நீச்சலையும் காட்டுங்கள். அவரும் வேல்ஸுக்கு நீந்தியவர். காய்ச்சலால் 2012 லண்டன் தவறியது. 2014 காமன்வெல்த்தில் 800-ல் தங்கம். 2016 ரியோவில் 400-ல் 4:01.23, 800-ல் 8:16.17, இரண்டிலும் கேட்டி லெடக்கிக்கு அடுத்து வெள்ளி.

பையனுக்கு ஜனவரி நடுவில் கடலில் 5 கிலோமீட்டர் ஒன்று வையுங்கள், இரண்டு சுற்று, முழு ஏற்பாட்டோடு, கம்பு டம்ளர் உட்பட. 1 மணி 10 நிமிஷத்தை ஒட்டி, இரண்டாவது சுற்று முதல் சுற்றைவிட இரண்டு நிமிஷத்துக்கு மேல் மெதுவாகாமல் வந்தால் பிப்ரவரி சரி. 1 மணி 18-ஐத் தாண்டினால் 10 கிலோமீட்டரை அடுத்த பிப்ரவரிக்குத் தள்ளி, இந்த வருஷம் 5-ஓடு நிறுத்துங்கள்.